ஞாயிறு கட்டடம், திங்கள் கடை: பாரிமுனை நடைக்கு வாசகர் கேள்விகள்

ஆகஸ்ட் 22 சென்னை தினம் நெருங்கினாலே பாரிமுனை, சௌகார்பேட்டை, மண்ணடிப் பக்கம் நடந்து பார்ப்பது பற்றிக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சுருக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் 35 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டை, ஹைகோர்ட், பூக்கடை, கந்தகோட்டம், தங்கசாலை எல்லாவற்றையும் காட்டிவிடலாமா?
*வாசகர், அம்பத்தூர்*

முடியாது. வேனில் வைத்து ஓட்டிக்கொண்டு போனால் முடியும். அது நடை ஆகாது.

முதலில் கோட்டையை எடுத்துவிடுங்கள். தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கும் இடம், நுழையும்போதே சோதனை உண்டு, அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. ஒருவர் மைக் இல்லாமல் பேசினால் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்றால் 18, 20 பேருக்கு மேல் கூடாது. 35 பேரை இரண்டு குழுவாக்கி, அரை மணி நேர இடைவெளி விட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவிலும் வழிகாட்டி ஒருவர் முன்னால் போகட்டும். அடுத்து எங்கே நிற்கப் போகிறோம் என்று தெரிந்த ஒருவர் கடைசியில் வரட்டும். கடைசி ஆளுக்கு வழி தெரியாத குழு என்.எஸ்.சி. போஸ் சாலை சிக்னலிலேயே இரண்டாகிவிடும், பிறகு போனில் தேட வேண்டியதுதான்.

நேரக் கணக்கு இப்படி வரும். ஆறு இடத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பேச்சு 10 நிமிடம், எல்லோரும் வந்து சேர 3 நிமிடம், ஆக 78 நிமிடம். 2 கிலோமீட்டரைக் கூட்டத்தோடு நடக்க 45 நிமிடம். தண்ணீருக்கும் சாலை கடக்கவும் 20 நிமிடம். கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் இழுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், நிழல் தேடிப் போய்விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்ற வழி: உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் காலை 7 மணிக்குக் கூடுங்கள். கழிப்பறைக்கு அங்கேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். வழியில் பொதுக் கழிப்பறையை நம்ப முடியாது. நல்ல நடைகள் பாதியில் கலைவதற்கு வெயிலை விட இதுதான் பெரிய காரணம். நீதிமன்றத்தை வெளியிலிருந்தே பாருங்கள். 1892-ல் திறந்த கட்டடம், அதன் உயரமான கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. மெரினாவில் இப்போது இருக்கும் விளக்கம் வந்த பிறகுதான் இது அணைந்தது. வளாகத்துக்குள் தனியாக நிற்கும் தூண் இதற்கும் முந்தைய விளக்கம், 1844-ல் ஏற்றியது. அங்கிருந்து பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடம், பிறகு தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், லிங்கி செட்டித் தெரு, கடைசியாக அரண்மனைக்காரன் தெரு. ஆங்கிலப் பலகையில் ஆர்மீனியன் தெரு என்று தேடுங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் வெயில். என்.எஸ்.சி. போஸ் சாலை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, காலை வெயில் நேராக அடிக்கும். தம்பு செட்டி, லிங்கி செட்டி, அரண்மனைக்காரன் தெருக்கள் வடக்கு தெற்காக ஓடுபவை; ஒன்பது மணிக்கும் கிழக்கு ஓரம் நிழலாக இருக்கும். திறந்த வெளியை முதலிலும் நிழல் தெருக்களைப் பிறகும் வைத்தால் வயதானவர்களும் தாக்குப் பிடிப்பார்கள்.

ஆர்மீனியத் தேவாலயத்துக்கு 9.15-க்கு வந்து சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். 1772-ல் கட்டியது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். ஞாயிறு காலை 9.30 மணியளவில் அவற்றை அடிப்பது வழக்கம். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் இதே சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறையும் இந்த வளாகத்தில் இருக்கிறது. கல்லறைக் கற்கள் தரையோடு தரையாகப் பதிந்தவை. எங்கே கால் வைக்கிறோம் என்று பார்த்து நடக்கும்படி உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். குழுவாக வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்து, திறந்திருக்கும் நேரத்தை உறுதி செய்துகொள்வது நல்லது.

ஒரு வாரம் முன்பு, அதே கிழமையில் அதே நேரத்தில், ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை பார்த்து வைத்த வழி ஞாயிற்றுக்கிழமைக்கு உதவாது.

ஞாயிற்றுக்கிழமை போனால் கடையெல்லாம் மூடியிருக்கிறது, வார நாளில் போனால் நிற்கவே இடமில்லை. எப்போதுதான் போவது?
*வாசகி, கொளத்தூர்*

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். மொத்த வியாபாரக் கடைகள் ஞாயிறு விடுமுறை. ஷட்டர் இறங்கி, வண்டிகள் இல்லாதபோதுதான் மாடியில் இருக்கும் மரத்தூண் வராந்தாவும், சுண்ணாம்புப் பூவேலையும், கட்டிய ஆண்டு பொறித்த முகப்பும் கண்ணில் படும். வார நாளில் அதே கட்டடத்தின் முன்னால் தலையைத் தூக்கிப் பார்த்தால் சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி முழங்காலில் இடிக்கும்.

தெருவின் தொழிலைப் பார்க்க வேண்டுமானால் வார நாள். அதிலும் இரண்டு நேரம் உண்டு. பத்ரியன் தெருப் பூக்கடைகளுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். பூ, காய், கனி மொத்தச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் மாலை கட்டுவோரும் உதிரிப்பூ விற்போரும் இங்கே இன்னும் இருக்கிறார்கள். துணி, தாள், பரிசுப் பொருள் கடைகள் பத்தரைக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை வாங்கலாம், பார்க்கலாம். குழுவாக நின்று வரலாறு பேசுவதற்கு அது நேரமே இல்லை.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எந்தக் கிழமையிலும் நடையே வேண்டாம்.

டேர் ஹவுஸ் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறதே, அது என்ன? யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
*வாசகர், வியாசர்பாடி*

அது எல்லைக்கல். இந்த வட்டாரத்தின் கதை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஆங்கிலேயர் 'கறுப்பர் பட்டணம்' என்று அழைத்த பழைய ஊர், இன்றைய ஜார்ஜ் டவுன் இருக்கும் இடத்தில் இருக்கவில்லை. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் இடத்தில்தான் நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகளும் (மொழிபெயர்ப்பாளர்களும்) குடியிருந்தார்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயருக்குத் திரும்பி வந்தது. 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவிலிருந்து சுடுவான் என்பது ஆங்கிலேயர் கற்ற பாடம். பழைய ஊரை இடித்துத் தள்ளி, பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத வெட்டவெளி ஆக்கினார்கள். அந்த வெளிக்கு எஸ்பிளனேடு என்று பெயர். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் கட்டக்கூடாது என்று காட்ட 1773-ல் நட்ட எல்லைக்கற்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

பட்டணத்தின் பழைய பெருமாள் கோயிலும் அந்த இடிப்பில் போயிற்று. அதற்கு ஈடாகக் கொடுத்த நிலத்தில், மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று எழுப்பியவைதான் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் அடுத்தடுத்து இருக்கும் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் சென்னமல்லீஸ்வரர் கோயிலும். கல்லைப் பார்த்த கையோடு அந்தக் கோயில்களையும் பார்த்தால்தான் இடித்ததும் கட்டியதும் சேர்ந்து புரியும். வடக்கே நகர்ந்த புது ஊருக்கு ஒரு மதில் எழுப்பினார்கள். அதற்காக மக்களிடம் வரி போட நினைத்தார்கள். வசூல் நடக்கவில்லை, பெயர் மட்டும் வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடாக நிலைத்துவிட்டது. மதிலின் மிச்சம் பழைய ஜெயில் ரோட்டில் மாடிப்பூங்காவாக இருக்கிறது. ஜார்ஜ் டவுன் என்ற பெயர் இதற்கெல்லாம் மிகவும் பிந்தியது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

மாணவர்களை அழைத்துப் போகிறேன். இணையத்தில் கிடைக்கும் தகவல்களில் எதை நம்பிச் சொல்லலாம்?
*தமிழாசிரியை, திருவொற்றியூர்*

கல்லிலோ பலகையிலோ இருப்பது, கோயில் வழக்காகச் சொல்வது, வழிகாட்டிகள் சுவைக்காகச் சேர்ப்பது என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் சொல்லலாம், ஒரே குரலில் சொல்லக்கூடாது.

எடுத்துக்காட்டு, காளிகாம்பாள் கோயில். சிவாஜி 1677-ல் தெற்கே படையோடு வந்தது வரலாறு. அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று இங்கே வந்து வணங்கினார் என்பது கோயில் வழக்கு. 'கோயிலில் இப்படிச் சொல்கிறார்கள்' என்ற மூன்று வார்த்தையைச் சேர்த்தால் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் வித்தியாசம் விளங்கிவிடும்.

எம்டன் குண்டு விவரம் உறுதியானது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் சுட்டதில் துறைமுகப் பக்கம் எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது. பவளக்காரத் தெருவைப் பற்றிச் சொல்லும்போது, 17-ஆம் நூற்றாண்டில் பவளமும் வைரமும் வியாபாரம் செய்த யூத வணிகர்கள் இங்கே இருந்தார்கள் என்பது வரை சரி. இந்த வீடுதான், அந்த வீடுதான் என்று கை காட்ட வேண்டாம்.

தமிழ் வகுப்புக்கு இந்த வட்டாரத்தில் இதைவிடப் பெரிய விருந்து இருக்கிறது. வள்ளலார் இளமையில் வாழ்ந்தது ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில். தெய்வமணிமாலை பாடியது ராசப்ப செட்டித் தெருக் கந்தகோட்டத்து முருகன் மேல். 'ஒருமையுடன் நினது திருமலரடி' அந்த மாலையில் வருவதுதான். மாணவர்களுக்கு அது தெரிந்த பாட்டு. கோயில் மண்டபத்தில் உட்கார வைத்து ஒரு முறை பாடச் சொல்லுங்கள், நீங்கள் உரை நிகழ்த்தவே வேண்டாம். ஏழுகிணறு என்ற பெயருக்குக் காரணமான கிணறுகள் 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியவை.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை, தாம்பூலப் பை, ரவிக்கைத் துணி எல்லாம் பாரிஸிலேயே (பாரிமுனையிலேயே) வாங்கிவிடலாம் என்கிறார்கள். எங்கே எதை வாங்குவது? எதில் ஏமாறுவோம்?
*வாசகி, செங்கல்பட்டு*

தெருவுக்கு ஒரு சரக்கு என்ற ஏற்பாடு இங்கே இன்னும் முழுதாகக் கலையவில்லை. பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு. துணிக்குக் குடோன் தெரு. தாம்பூலப் பை, பரிசுச் சாமானுக்குக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கண்ணாடி, படச்சட்டம் வேண்டுமானால் தேவராஜ முதலித் தெரு. நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டித் தெரு. ஒரே நாளில் மூன்று தெருவுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மூட்டையோடு நான்காவது தெருவுக்கு நடக்க முடியாது.

பத்திரிகையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காட்டும் விலை வெறும் கார்டுக்கா, உறையும் சேர்ந்ததா, அச்சுக்கூலி தனியா, வரி தனியா என்ற நான்கையும் முதலிலேயே கேட்டு, ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். 400 தேவை என்றால் 450 அடியுங்கள். பிறகு 50 மட்டும் அடிக்கப் போனால் மறுபடி அச்சேற்றும் கூலி முழுதாக விழும்.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னொரு சிக்கல் வரும். நீங்கள் தட்டுவது யூனிகோடு. அச்சகத்தில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. மாற்றும்போது முதலில் உடைவது ஸ்ரீ, கௌ, க்ஷ போன்றவை. 'கௌரி' என்பது 'கெ', 'ள', 'ரி' என்று பிரிந்து அச்சானால் திருத்த வழியில்லை. அதனால் புரூஃபைப் போன் திரையில் பார்த்துச் 'சரி' போடாதீர்கள். தாளில் எடுத்து, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள்: ஒருவர் பெயர்களையும் முதலெழுத்துகளையும் பார்க்கட்டும், மற்றவர் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, முகூர்த்த நேரம் நான்கையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடட்டும். கையெழுத்துப் போட்ட பிறகு தவறு உங்களுடையது. தை, ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே போய்விடுங்கள்.

ரவிக்கைத் துணியில் பார்க்க வேண்டியது நீளம். தாம்பூலத்துக்கு விற்கும் பிட்டுகள் பல 80 சென்டிமீட்டர்தான் இருக்கும், ஒரு மீட்டர் இல்லை. வைத்துக் கொடுக்க மட்டும் என்றால் பரவாயில்லை. வாங்கியவர் தைக்க வேண்டுமானால் மீட்டராகவே கேளுங்கள். கட்டின் மேல் பிட் நன்றாக இருக்கும், நடுவில் சாயம் வேறுபடும். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. 'சில்லறை கிடையாது' என்ற பலகை இருந்தால் ஒரு சேலைக்குப் பேரம் பேசி நிற்காதீர்கள், அவர்கள் நேரமும் வீண் உங்கள் நேரமும் வீண்.

நாட்டு மருந்தைப் பொடியாக வாங்க வேண்டாம். வேராகவும் பட்டையாகவும் வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

சரக்கை எண்ணிச் சரிபார்ப்பதைக் கடைத் திண்ணையிலேயே முடித்துவிடுங்கள். கூலியாள் தலையில் ஏறிய பிறகு எண்ணுகிறேன் என்றால் தெருவே திட்டும். சுமைக் கூலியையும், எந்த முனை வரை என்பதையும் தூக்குவதற்கு முன் பேசிவிடுங்கள்.

படம் எடுக்கப் போனால் கடைக்காரர்கள் முறைக்கிறார்கள். பொது இடம்தானே?
*கல்லூரி மாணவர், தண்டையார்பேட்டை*

தெரு பொது இடம், கல்லாப்பெட்டி இல்லை. விலைச் சீட்டு, பில் புத்தகம், கைமாறும் பணம் ஆகியவை படத்துக்குள் விழும்படி எடுத்தால் முறைக்கத்தான் செய்வார்கள். முதலில் இரண்டு ரூபாய்க்காவது ஏதாவது வாங்குங்கள், பெயரைச் சொல்லி அறிமுகமாகுங்கள், 'அண்ணே, மேலே அந்தத் தூணை மட்டும் எடுத்துக்கிறேன்' என்று காட்டிக் கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். சுமை தூக்குபவரைப் பாரத்தோடு நிறுத்திப் படம் எடுப்பதைப் போலக் கேவலம் வேறில்லை. இறக்கி வைத்த பிறகு கேளுங்கள்.

ட்ரோன் வேண்டாம்: கோட்டை, துறைமுகம், உயர் நீதிமன்றம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நீதிமன்ற வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் கேமராவை வெளியில் எடுக்காதீர்கள். கோயில்களில் மூலவர் சன்னதிப் பக்கம் போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

தெருவில் 'ஓரம், ஓரம்' என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சரக்கேற்றிய மீன்பாடி வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடி உருட்ட இரண்டு ஆள் வேண்டும்.

சௌகார்பேட்டையில் மாலையில் ஒரு சாப்பாட்டு நடை போக ஆசை. எட்டுப் பேர், அதில் இரண்டு குழந்தைகள்.
*வாசகி, அண்ணாநகர்*

எட்டுப் பேர் நல்ல அளவு. மாலை ஆறரைக்குத் தங்கசாலைத் தெருவில் தொடங்கி எட்டரைக்குள் முடியுங்கள். மதியம் அரை வயிறு சாப்பிட்டால் போதும்.

நால்வருக்கு ஒரு தட்டு என்பது சட்டம். ஆளுக்கொரு தட்டு வாங்கியவர்கள் இரண்டாவது கடையிலேயே நின்றுபோவார்கள். காரத்தில் ஆரம்பியுங்கள்: முறுக்கை அடியிலும் மேலுமாக வைத்து நடுவில் வெள்ளரி, தக்காளி, சட்னி வைக்கும் முறுக்கு சாண்ட்விச், பிறகு சாட். அடுத்து காக்கடா ராம்பிரசாத் கடையில் சுடச்சுட ஜிலேபி. எண்ணெயிலிருந்து பாகுக்கு, பாகிலிருந்து இலைக்கு என்று வருவதை அங்கேயே நின்று சாப்பிட வேண்டும், பொட்டலம் கட்டினால் மொறுமொறுப்பு போய்விடும். கடைசியாக என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை நெய் பொடி இட்லி, ஊத்தப்பம். நெய் தாராளம், அதனால்தான் கடைசியில் வைத்தோம். லஸ்ஸியை நடுவில் குடித்துவிட்டால் நடை அதோடு முடிந்தது. வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைன வகை வேண்டுவோர் 'ஜெயின்' என்று ஒரு சொல் சொன்னால் இந்தத் தெருவில் போதும்.

பர்மா சாப்பாட்டை இதோடு சேர்க்காதீர்கள். அத்தோ என்ற நூடுல்ஸும் முட்டை பேஜோவும் பீச் ஸ்டேஷன் பக்கம் செகண்ட் லைன் பீச் சாலையில் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். பர்மாவிலிருந்து வந்த தமிழர்களுக்காக 1969-ல் அமைந்த பர்மா பஜாரைப் பார்த்துவிட்டுப் போவதுதான் அதற்குச் சரியான முறை. அது வேறொரு மாலை.

குழந்தைகளுக்குக் கார அளவைக் கடைக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

எங்கள் கடைத்தெருவில் வியாபாரிகள் சேர்ந்து ஒரு மாலை நிகழ்ச்சி, கோலப் போட்டி, பழைய படக் கண்காட்சி நடத்த நினைக்கிறோம். மயிலாப்பூரில் நடக்கிறதே, இங்கே முடியாதா?
*வியாபாரி, பூக்கடை*

முடியும், ஆனால் மயிலாப்பூரை அப்படியே எடுத்துப் போட்டால் முடியாது. மயிலாப்பூர் விழாவில் கோலம் போடுவது வடக்கு மாட வீதியில்; தேர் ஓடும் அகலம் அது. உங்கள் தெருவில் இரண்டு மீன்பாடி வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அதனால் மேடை, பந்தல், நாற்காலி வரிசை எதையும் தெருவில் போடாதீர்கள். தீயணைப்பு வண்டி நுழைய வழி விட வேண்டும். தாளும் துணியும் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

நாளைப் பொறுத்தவரை ஞாயிறு மாலையே சரி. கடை மூடியிருப்பதால் ஷட்டர்களே கண்காட்சிச் சுவர் ஆகிவிடும். படங்களை ஏ3 அளவில் அச்சிட்டு, ஃபோம் பலகையில் ஒட்டி, ஷட்டர் வளையத்தில் நாடாவால் கட்டுங்கள். பசை டேப் போட்டால் பெயின்ட் உரிந்து மறுநாள் சண்டை வரும். ஒரு கடைக்கு ஒரு படம் போதும்: அந்தக் கடையின் பழைய பெயர்ப்பலகை, கணக்குப் புத்தகப் பக்கம், தராசு, பழைய பில் என்று அவரவர் வீட்டில் இருப்பதைத் தேடச் சொல்லுங்கள். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அனுமதிக்கு மனுவை மூன்று வாரம் முன்பே கொடுங்கள். உங்கள் தெரு பூக்கடை, யானைகவுனி, எஸ்பிளனேடு காவல் நிலையங்களில் எதன் எல்லையில் வருகிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள். தெருவின் இரு முனையும் இரண்டு நிலையத்தில் இருப்பதும் உண்டு, அப்படியானால் இரண்டு மனு. போக்குவரத்துக் காவலுக்குத் தனி மனு. மாநகராட்சியின் ராயபுரம் மண்டல அலுவலகத்துக்கு இன்னொன்று. குப்பை வண்டி எப்போது வர வேண்டும் என்பதை அதிலேயே கேட்டுவிடுங்கள். மனுவில் தெருவின் வரைபடம், தொடங்கும் முடியும் நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர் இருவரின் தொலைபேசி எண் இருக்கட்டும்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி தனி. இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது. பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபல், குடியிருப்புக்கு 55. உங்கள் தெருவில் கீழே கடை, மேலே குடித்தனம். 55-ஐயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஸ்பீக்கர் இரண்டை முனையில் வைப்பதை விடச் சிறியதாக நான்கைத் தெரு நெடுக வைத்தால் சத்தம் குறைவாகவும் பேச்சு தெளிவாகவும் இருக்கும். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுக்க வேண்டாம், தற்காலிக இணைப்பு வாங்குங்கள். வயரைத் தரையில் போட்டால் வண்டிச் சக்கரம் அறுத்துவிடும், முதல் மாடிக் கம்பியோடு உயர்த்திக் கட்டுங்கள்.

சுமை தூக்குவோர், வண்டி இழுப்போர் சங்கங்களிடம் முதலில் பேசுங்கள், கடைசியில் இல்லை. அன்றைக்கு இறங்க வேண்டிய லோடு எந்த வழியாக வரும் என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

திருப்பதிக் குடை ஊர்வலத்தை எங்கே நின்று பார்க்கலாம்?
*வாசகர், திருவள்ளூர்*

புரட்டாசியில், திருமலை பிரம்மோற்சவத்தை ஒட்டி, சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து குடைகள் புறப்படும். முக்கியமான இடம் யானைகவுனி. குடைகள் அதைத் தாண்டுவது மாலை நேரத்தில். அங்கே நெரிசல் கடுமை, குழந்தைகளோடு போக வேண்டாம். காலையில் புறப்படும்போதே கோயில் பக்கம் பார்த்துவிடுவது நிம்மதி. அன்று என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் தங்கசாலைப் பக்கமும் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். வண்டி எடுத்து வராதீர்கள், மண்ணடி அல்லது சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி நடந்து வாருங்கள். அதே நாளில் ஊர் பார்க்கும் நடையை வைக்கவே கூடாது.

அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. இரண்டு மணி நேரம் நிற்க முடியாது. ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது மண்ணடியில், பார்க்க ஆசைப்படுகிறார்.
*வாசகி, தாம்பரம்*

குழுவோடு வேண்டாம். ஞாயிறு காலை ஏழரைக்கு, மண்ணடி மெட்ரோவிலிருந்து ஆட்டோ பேசி மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். காளிகாம்பாள் கோயிலிலும் ஆர்மீனியத் தேவாலயத்திலும் மட்டும் இறங்குங்கள், இரண்டிலும் உட்கார இடம் உண்டு. நடைபாதையைப் பல இடத்தில் கடைப்படிகள் விழுங்கியிருப்பதால் ஏறி இறங்க வேண்டியிருக்கும். சமமான தார் ரோட்டின் ஓரமே முழங்காலுக்கு நல்லது. அவர் குடியிருந்த தெருவுக்குக் கடைசியில் போங்கள். அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மழை வந்தால்?
*வாசகர், பெரம்பூர்*

ஆகஸ்ட் மழை பெரும்பாலும் மாலையில்தான், காலை நடைக்குப் பயமில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை தேதி குறிக்காதீர்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றால் மூடியில்லாத சாக்கடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அன்றைக்கு நடையை ரத்து செய்யுங்கள், சுருக்கி நடத்தப் பார்க்காதீர்கள். ரத்து என்றால் காலை ஐந்தரைக்குள் எல்லோருக்கும் செய்தி போய்விட வேண்டும். தாம்பரத்திலிருந்து வருபவர் ஆறு மணிக்கு ரயிலில் இருப்பார்.